மருந்துக்குத் தப்பும் பாக்டீரியா: ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

மதுரையில் ஒரு மருத்துவ ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிறுநீர், சளி, சீழ், இரத்தம் என்று வந்து சேரும் மாதிரிகளில் பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் பணி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து, காத்திருந்து ரிப்போர்ட் வாங்கிச் சென்றவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையில் அடுத்தவர் நிற்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத விடைகள் இவை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். பாக்டீரியா எப்படித் தப்புகிறது என்பதை மட்டுமே நான் இங்கே விளக்குகிறேன்.

"இந்த மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். அப்புறம் எப்படி அதே தொந்தரவு திரும்ப வந்தது?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மனவேதனையோடு கேட்கப்பட்டதும் இதுதான்; செலவழித்து, விடுப்பு எடுத்து, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்த பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பினால், யார் மீது சந்தேகப்படுவது என்றே பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்த ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாதிரியில் வளர்ந்த பாக்டீரியாவை அகார் தட்டின் (பாக்டீரியா வளர உணவு கலந்த கூழ் உறைந்த தட்டு) மேல் சீராகப் பூசி, ஒவ்வொரு மருந்தும் ஊறிய சிறு காகித வட்டுகளை அதன் மேல் வைத்து, உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருப்போம். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா வெண்படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வட்டுகளைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராத தெளிந்த வளையம் இருக்கும். அந்த வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் 'சென்சிட்டிவ்' என்று எழுதுவோம்.

இந்தச் சோதனை பாக்டீரியாவிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: இந்த மருந்து பக்கத்தில் இருக்கும்போது உன்னால் பெருக முடியுமா? அத்தனையும் செத்துவிட்டனவா என்று அது கேட்பதில்லை. ஒரு பாக்டீரியா பெருகிப் பெருகிப் பல லட்சங்களாகத் திரண்டால்தான் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். தெளிந்த வளையத்துக்குள் சில செல்கள் சாகாமலும் பெருகாமலும் கிடந்தால், அவை தட்டிலும் தெரியாது, ரிப்போர்ட்டிலும் வராது. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லியிருக்கிறது.

நோய் திரும்புவதற்கு இதைவிட எளிய காரணங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சீழ்க்கட்டியைக் கீறி வெளியேற்றாமல் விட்டால் மருந்து உள்ளே போதிய அளவு போய்ச் சேராது. சிறுநீரகத்தில் கல் இருந்தால் அதற்குள்ளேயே கிருமி தங்கும். சர்க்கரை கட்டுப்படாதவருக்குப் புண் ஆறுவதே கடினம். புதிதாக வேறொரு கிருமி தொற்றியிருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகும் காரணம் புலப்படாத இடத்தில்தான், சாகாமலும் பெருகாமலும் கிடந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"மருந்துக்கு நடுவில் இருந்துகொண்டே சாகாமல் எப்படிக் கிடக்க முடியும்?"

ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவை விஷம் போலத் தீண்டிக் கொல்வதாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பல மருந்துகள், பாக்டீரியா தன் வாழ்க்கைக்காகச் செய்யும் வேலையையே அதற்கு எமனாக்குகின்றன. வளரும் பாக்டீரியா தன் சுவரை ஓயாமல் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் தைத்துப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும். பெனிசிலின் வகை மருந்துகள் தைக்கும் நொதியை முடக்குகின்றன; வெட்டும் வேலையோ நிற்பதில்லை. சுவர் நலிந்து, உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை டி.என்.ஏ.வை வெட்டி முறுக்கெடுத்து ஒட்டும் நொதியைப் பிடித்து, வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிடுகின்றன.

இப்போது வளராத ஒரு பாக்டீரியாவை எண்ணிப் பாருங்கள். அது சுவர் கட்டவில்லை. ஆகவே தைக்கும் நொதி முடங்கினாலும் அதற்கு நட்டமில்லை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கவில்லை, அதனால் வெட்டுப்பட வேண்டிய இடங்களும் குறைவு. அது மருந்தை எதிர்த்து எதுவும் செய்வதில்லை. மருந்து கெடுக்கக்கூடிய வேலை எதையும் செய்யாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

விவசாயக் குடும்பத்திலிருந்து வருபவர்களிடம் நான் கோரையைச் சொல்லி விளக்குவேன். வயலில் களைக்கொல்லி தெளித்தால் தலைநீட்டிய கோரையெல்லாம் கருகிவிடும். மண்ணுக்குள் முளைக்காமல் உறங்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழைக்கு அது முளைத்து வரும்போது, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஆனால் புதிதாக முளைத்த அந்தக் கோரையின் மீது அதே மருந்தைத் தெளித்தால் அதுவும் கருகும். கிழங்கு மருந்தை வென்றுவிடவில்லை. மருந்து தெளித்த அன்று அது வெளியே வரவில்லை.

பாக்டீரியாவிலும் இதே நிலைதான் என்பதை 1944இல் அயர்லாந்தைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர் காட்டினார். சீழ் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வளர்ந்த திரவத்தில் அவர் பெனிசிலினைச் சேர்த்தார். ஏறக்குறைய எல்லாம் செத்தன. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் சில பிழைத்தன. பிழைத்தவற்றை எடுத்து வளர்த்து, மறுபடி பெனிசிலினைச் சேர்த்தால் அவற்றின் வழித்தோன்றல்களும் முன்போலவே செத்தன. மறுபடியும் அதே அளவில் மிகச் சிலவே பிழைத்தன. பிழைக்கும் தன்மை பிள்ளைகளுக்குப் போகவில்லை. இவற்றுக்கு அவர் 'பெர்சிஸ்டர்' என்று பெயரிட்டார். பெனிசிலின் சாதாரண மக்களுக்குக் கிடைக்கத் தொடங்கும் முன்பே சொல்லப்பட்ட இந்தச் செய்தி, பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

"அவை முன்பே தூங்கிக்கொண்டிருந்தவையா, மருந்தைக் கண்டதும் தூங்கப் போகின்றனவா?"

இரண்டு வகையும் உண்டு. 2004இல் ஆய்வாளர் நதாலி பலபான் குழுவினர், எஸ்செரிசியா கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் ஒரு வகையை மயிரினும் மெல்லிய வாய்க்கால்களில் வரிசையாக அடைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு செல்லாகக் கவனித்தனர். பெனிசிலின் வகை மருந்தான ஆம்பிசிலின் சேர்த்த பிறகு பிழைத்தவை எவை என்று பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, மருந்து வருவதற்கு முன்பே அவை வளராமலோ மிக மெதுவாக வளர்ந்தோ கிடந்தவை என்று தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே மரபணு, ஒரே உணவு; இருந்தும் சில மட்டும் தாமாகவே ஒதுங்கி உறங்கின.

பசி, அமிலம், நம் உடலின் வெள்ளணுக்களுக்குள் விழுங்கப்படுதல் போன்ற நெருக்கடிகளால் உறக்கத்துக்குப் போகின்றவையும் உண்டு. டைஃபாய்டு கிருமியின் இனத்தைச் சேர்ந்த சால்மோனெல்லா, தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே வளராமல் பதுங்கி மருந்துக்குத் தப்புவது சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும் நச்சுப் புரதங்களையும், அவற்றை அடக்கிவைக்கும் நச்சுமுறிவுகளையும் பல பாக்டீரியாக்கள் சேர்த்தே உண்டாக்குகின்றன. முறிவு குறைந்தால் நச்சு மேலோங்கி, செல் உறங்கிவிடும்.

"தூங்கி எழும் நேரத்தைக்கூட மருந்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுமா?"

இதை ஒரு மாணவி கேட்டார். மிக நல்ல கேள்வி. 2014இல் வெளியான ஆய்வொன்றில் எஸ்செரிசியா கோலைக்கு நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஆம்பிசிலின் கொடுத்துவந்தனர்: ஒரு தொகுப்புக்கு 3 மணி நேரம், இன்னொன்றுக்கு 5 மணி நேரம், மற்றொன்றுக்கு 8 மணி நேரம். பத்து நாள் அளவிலேயே, புதிய உணவில் இட்டதும் வளரத் தொடங்க அவை எடுத்துக்கொண்ட நேரம் அந்தந்த மருந்து நேரத்தை ஒட்டி நீண்டுபோயிருந்தது. மருந்தைத் தாண்டி எழும்படி உறக்கம் நீண்டவை மட்டுமே ஒவ்வொரு நாளும் மிஞ்சியதன் விளைவு இது. பெர்சிஸ்டரைப் போலன்றி இந்த மாற்றம் மரபணுவில் நேர்ந்ததால் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் வட்டுச் சோதனையில் இவையும் 'சென்சிட்டிவ்' என்றே தெரியும். இதைத் தாங்குதிறன் என்று சொல்லலாம். 2017இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கவலைக்குரியது: இப்படித் தாங்கும் தன்மை முதலில் வந்த தொகுப்புகளில்தான் அதன் பிறகு முழு எதிர்ப்புத்திறன் விரைவாகத் தோன்றியது. உயிரோடு எஞ்சியிருப்பவை கூடினால், அவற்றில் ஒன்றுக்கு மாற்றம் நேரும் வாய்ப்பும் கூடுகிறது.

"அப்படியானால் ரிப்போர்ட்டில் 'ரெசிஸ்டன்ட்' என்று போடுகிறீர்களே, அது என்ன?"

அது வேறு கதை. உறங்கித் தப்புவது ஒளிந்துகொள்வது. எதிர்ப்புத்திறன் என்பது மருந்தின் முன்னாலேயே நின்று தின்று பெருகுவது. அந்தத் தன்மை மரபணுவில் எழுதப்பட்டிருப்பதால் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே போகும்.

மருந்தை அழிக்கும் நொதியை உண்டாக்குவது இதில் மிகப் பழைய வழி. பெனிசிலினை உடைக்கும் நொதியை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940இல் அறிவித்தார்கள். பெனிசிலின் ஊசி முதல் நோயாளிக்குப் போடப்பட்டதே 1941இல்தான். இந்தக் குடும்பத்து நொதிகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் மருந்துக்கடைகளில் அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமிலம் அந்த நொதிக்கு இரையாகப் போய் அதைப் பிடித்துக்கொள்ள, அமாக்ஸிசிலின் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் எல்லா நொதியும் இந்தத் தூண்டிலில் சிக்குவதில்லை. 2009இல் அறிவிக்கப்பட்டு, தில்லியின் பெயரைத் தாங்கிய என்.டி.எம்.-1 என்ற நொதி, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு பயன்படுத்தும் கார்பபீனம் ஊசிகளையே உடைத்துவிடுகிறது. கிளாவுலானிக் அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை.

மருந்து பிடிக்கும் இடத்தையே மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. பெனிசிலினை உடைக்கும் நொதிக்கு அசையாத மெதிசிலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1961இல், அதற்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அது மருந்தை உடைக்கவில்லை. மெதிசிலின் ஒட்டாத வேறொரு தைக்கும் நொதியை வெளியிலிருந்து பெற்று, அதை வைத்துச் சுவரைக் கட்டிக்கொண்டது.

உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளும் உண்டு. டெட்ராசைக்ளினுக்கு இவை நன்றாக ஆராயப்பட்டவை, சில பம்புகளோ ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மருந்துகளை ஒருசேர வெளியேற்றும். வெளிச்சவ்வில் மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொள்வது இவற்றோடு சேர்ந்தே நடக்கும். மருத்துவமனைகளில் எங்களை மிகவும் கலங்கவைத்த கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபேக்டர் ஆகிய பாக்டீரியாக்களில் வாசலைச் சுருக்குவது, இறைப்பது, உடைப்பது என்ற மூன்றும் ஒரே செல்லில் இருப்பது அரிதன்று.

"மருந்துதான் அவற்றை இப்படி மாற்றிவிடுகிறதா?"

பெரும்பாலும் இல்லை. மருந்து தேர்ந்தெடுக்கிறது, உண்டாக்குவதில்லை. 1943இல் லூரியா, டெல்புருக் என்ற ஆய்வாளர்கள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்துச் செய்த சோதனை, தாக்குதல் வருவதற்கு முன்பே எதிர்க்கும் செல்கள் தற்செயலாகத் தோன்றியிருப்பதைக் கணக்கால் நிறுவியது. 1952இல் எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் ஒரு தட்டின் வளர்ச்சியை அச்சுப்போல் மற்ற தட்டுகளுக்கு ஒற்றியெடுத்து, மருந்தை ஒருபோதும் கண்டிராத முதல் தட்டிலேயே அந்த எதிர்ப்பாளர்கள் இருந்ததைக் காட்டினார்கள்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற, டி.என்.ஏ.வைக் காயப்படுத்தும் மருந்துகள், பாக்டீரியாவின் அவசரப் பழுதுபார்ப்பு முறையைத் தூண்டுகின்றன. அந்த முறை அவசரத்தில் பிழைகளோடு படியெடுப்பதால், கொல்லாத அளவில் மருந்து கிடைக்கும் இடங்களில் மாற்றங்கள் கூடுதலாக நேர்கின்றன.

மருந்துகளை நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்டாக்கியவை. அவற்றின் அண்டை வீட்டார் தற்காப்பையும் அப்போதே கற்றுக்கொண்டார்கள். வட கனடாவில் 30,000 ஆண்டுகளாக உறைந்திருந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் அத்தகைய மரபணுக்கள் இருந்ததை 2011இல் அறிவித்தார்கள்.

"ஒருவர் உடம்பில் இருக்கும் எதிர்ப்பு இன்னொரு கிருமிக்கு எப்படிப் போகிறது?"

பிளாஸ்மிட் என்னும் சிறிய வளையமான டி.என்.ஏ. வழியாக. ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு அதன் படியைக் கொடுத்துவிடும். வாங்குவது வேறு இனமாகவும் இருக்கலாம். நம் குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழும் பாக்டீரியா, போகிற போக்கில் வந்த நோய்க்கிருமிக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பைக் கொடுத்துவிட முடியும். 1950களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்புக் கிருமியை ஆராய்ந்தவர்கள் இதை முதலில் உணர்ந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, 1972இல் கோழிக்கோட்டில், அதுவரை டைஃபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த குளோராம்ஃபெனிக்காலுக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. அந்த எதிர்ப்பும் பிளாஸ்மிட்டில் வந்ததுதான்.

"சிறுநீர்க் குழாய் போட்ட அப்பாவுக்கு மட்டும் தொற்று மாறி மாறி வருவது ஏன்?"

குழாயின் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கும் பாசியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் தன்மை புரியும். படலத்தின் அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. ஆகவே அங்கே இருப்பவை வளராமல் உறங்குகின்றன. சில மருந்துகள் படலத்தைக் கடந்து போவதற்கே நேரமாகிறது. மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீரில் மிதப்பவை சாகும், காய்ச்சல் இறங்கும், மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் சுத்தமாக வரலாம். குழாயில் ஒட்டியவை பிறகு மீண்டும் வெளிவரும். அதனால்தான் மருத்துவர்கள் பழைய குழாயை எடுத்துவிட்டு, தேவையானால் புதிதாகப் போடுகிறார்கள். முதியவருக்கு வலிக்குமே என்று மாற்றுவதைத் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாசத்தை மதிக்கிறேன், ஆனால் குழாயை மாற்றுவதுதான் அங்கே சிகிச்சையின் பாதி.

"டி.பி.க்கு மட்டும் ஏன் ஆறு மாதம் மருந்து? சளியில் கிருமி இல்லை என்று இரண்டு மாதத்திலேயே சொல்லிவிட்டீர்களே?"

தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலும் இராசாசி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறுபவர்களின் வீட்டார் இதை அடிக்கடி கேட்டிருக்கிறார்கள். இதுவரை சொன்ன இரண்டு வகைத் தப்பித்தலும் ஒரே நோயில் கூடியிருப்பதால் இதற்குச் சற்று நீண்ட விடை தேவை.

முதலில் எதிர்ப்பு. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் பத்துக் கோடி, நூறு கோடி என்ற அளவில் காசநோய்க் கிருமிகள் இருக்கும். ஐசோனியசிட் மருந்துக்கு இயல்பாகவே அடங்காத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. அப்படியானால் ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால், அதற்கு அடங்காத நூற்றுக்கணக்கானவை முதல் நாளே அங்கே காத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அத்தனை கிருமிகள் எவர் உடம்பிலும் இல்லை. 1940களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தபோது, முதலில் தேறிய பலருக்கு நோய் மீண்டும் முற்றியதன் காரணம் இதுவே. மாத்திரைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடுவது அந்த நாட்களுக்கே திரும்பிப் போவதாகும்.

இரண்டாவது உறக்கம். இந்தக் கிருமி வளரும்போதுகூட இரண்டாகப் பிரிய ஒரு நாள் அளவு எடுத்துக்கொள்ளும். அழற்சியால் அமிலமான இடங்களிலும் வெள்ளணுக்களுக்குள்ளும் அது மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும். ஐசோனியசிட் வளர்பவற்றை முதல் சில நாட்களிலேயே பெருமளவில் கொன்றுவிடுவதால், சளியில் கிருமி விரைவில் மறைகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. மிச்சமிருப்பவைதான் ஆறு மாதத்தைக் கேட்கின்றன. அமிலச் சூழலில் மெதுவாக இயங்குபவற்றைப் பைரசினமைடும், அவ்வப்போது சிறிது நேரம் விழித்துக்கொள்பவற்றை ரிஃபாம்பிசினும் கொல்கின்றன. இந்த இரண்டும் கூட்டு மருந்தில் சேர்ந்ததால்தான் முன்பு ஒன்றரை ஆண்டு வரை நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதைப் பெருமையோடு சொல்வேன். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடும் ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அதே நிறுவனத்துக்கு மதுரையிலும் ஒரு பிரிவு உண்டு.

"எந்த ஆன்டிபயாடிக்கையும் கடைசி மாத்திரை வரை சாப்பிட்டே ஆக வேண்டுமா? நிறுத்தினால்தான் எதிர்ப்பு வரும் என்கிறார்களே?"

காசநோய்க்கு ஆம், ஐயத்துக்கே இடமில்லை. மற்ற பல தொற்றுகளில் பழைய அறிவுரை இப்போது திருத்தப்பட்டு வருகிறது. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்களிடையே எதிர்ப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே முன்பு பத்து நாள் கொடுத்த இடங்களில் ஐந்து நாள் போதும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது அந்த ஆய்வுகளில் அளந்து பார்த்து முடிவானது. காய்ச்சல் விட்டதைப் பார்த்து வீட்டில் முடிவாவதன்று. எழுதிக் கொடுத்த நாட்களுக்குச் சாப்பிடுங்கள், முன்னதாகவே நன்றாகிவிட்டால் நிறுத்தலாமா என்று எழுதியவரிடமே கேளுங்கள். மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென்று அலமாரியில் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகத் தீங்கு செய்த பழக்கம்.

"சளி, காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை வாங்கினால் என்ன?"

சாதாரணச் சளி வைரஸால் வருவது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் மருந்தால் ஆவது எதுவுமில்லை. உங்கள் குடல் பாக்டீரியாக்கள் மட்டும் அந்த இரண்டு நாள் மருந்தைச் சந்திக்கின்றன. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளும் காசநோய் மருந்துகளும் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன; அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சீட்டு இல்லை என்று மறுக்கும் கடைக்காரர் உங்களுக்கு நல்லதையே செய்கிறார்.

"கண்ணில் நெல் தூசி பட்டுப் புண்ணாகிவிட்டது. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து விட்டும் ஏன் கேட்கவில்லை?"

அது பாக்டீரியாவாகவே இல்லாமல் இருக்கலாம். 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பாக்டீரியாவும், ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சையும் காரணமாக இருந்தன. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் முன்பே காயம் பட்டிருந்தது. பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்து பயன்படாது. வயல் வேலையில் கண்ணில் ஏதேனும் பட்டால், சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

"கோழிக்கும் மாட்டுக்கும் கொடுப்பது நம்மைப் பாதிக்குமா?"

பாதிக்கும். மற்றவை பயனற்றுப் போனபின் மனிதருக்குக் கொடுக்கும் கோலிஸ்டினுக்கு எதிரான, பிளாஸ்மிட்டில் பரவும் மரபணு 2015இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் காணப்பட்டது. இந்தியா 2019இல் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

"தூங்கும் கிருமியையே கொல்ல மருந்து கிடையாதா?"

காசநோய்க்கு மேலே சொன்ன பைரசினமைடும் ரிஃபாம்பிசினும் அந்தப் பணியை ஓரளவு செய்கின்றன. மற்றவற்றுக்கு ஆய்வகத்தில் இரண்டு வழிகள் நம்பிக்கை தருகின்றன. ஒன்று, மருந்தோடு சர்க்கரை வகையொன்றைச் சேர்த்துக் கொடுத்து, உறங்கும் செல்லைச் சற்றே உசுப்பிவிடுவது. ஜென்டாமைசின் வகை மருந்து செல்லுக்குள் நுழைய அந்தச் சிறு அசைவே போதுமானதாக இருப்பதை 2011இல் எலிகளில் காட்டினார்கள். மற்றொன்று, உறங்கும் செல்லுக்குள்ளும் இருக்கும் புரதம் உடைக்கும் நொதியைக் கட்டவிழ்த்து, செல் தன்னைத் தானே தின்னும்படி செய்வது. 2013இல் இதுவும் எலிகளில் வெற்றி பெற்றது. இரண்டும் மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை.

"கல்ச்சருக்கு மாதிரி எப்போது கொடுக்க வேண்டும்?"

முதல் மாத்திரைக்கு முன்னால். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் சிறுநீரில் மிதக்கும் கிருமிகள் வளர மறுத்து, தட்டு வெறுமையாக இருக்கலாம். நோயோ உள்ளேயே இருக்கும். மருந்து தொடங்கிய பிறகே ஆய்வகத்துக்கு வர நேர்ந்தால், எந்த மருந்து, எத்தனை வேளை என்பதை மாதிரி வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் இன்னும் நல்லது. சிறுநீரைப் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மூடியுள்ள சுத்தமான குப்பியில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பேருந்தில் நெடுந்தூரம் வர வேண்டியிருந்தால், வீட்டில் பிடித்துக் கொண்டுவராமல் ஆய்வகத்துக்கு வந்தே பிடியுங்கள். மதுரை வெயிலில் இரண்டு மணி நேரம் பையில் இருந்த குப்பியில், நோய்க்குத் தொடர்பில்லாத பாக்டீரியாக்களும் பெருகிவிடும்.